கால் வலிக்கு நெஞ்சைத் திறப்பதா? பெருந்தமனி கிழிந்து காலுக்கு ரத்தம் நின்றால் முன்னால் இருக்கும் வழிகள்

"டாக்டர், எங்க அப்பாவுக்குக் கால்லதானே பிரச்சினை? எதுக்கு நெஞ்சைத் தொறக்கணும்னு சொல்றாங்க? காலை மட்டும் சரி பண்ணிக் குடுத்துடுங்களேன்."

கொருக்குப்பேட்டையிலிருந்து அப்பாவை 108 ஆம்புலன்ஸில் கொண்டுவந்த ஒரு பெண், இரவு இரண்டு மணிக்கு ஐசியு வாசலில் என்னிடம் கேட்டது இது. அப்பாவுக்கு 56 வயது, மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர். சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தவருக்கு முதுகில் சுரீரென்று ஒரு வலி. பத்து நிமிடத்தில் இடது கால் மரத்து, ஊன்ற முடியாமல் விழுந்துவிட்டார். பக்கவாதம் என்று நினைத்துத்தான் வீட்டில் கிளம்பியிருக்கிறார்கள். எங்களிடம் வந்தபோது முழங்காலுக்குக் கீழே கால் ஜில்லென்று இருந்தது, தொடை இடுக்கில் பல்ஸ் இல்லை. சிடி ஸ்கேனில் பார்த்தால், உடம்பு முழுதுக்கும் ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயான பெருந்தமனி இதயத்திலிருந்து கிளம்பும் இடத்திலேயே உள்ளுக்குள் கிழிந்து, கிழிசல் இடுப்பு வரை இறங்கியிருந்தது.

அந்தப் பெண் கேட்டதில் தப்பே இல்லை. வலிக்கிற இடத்தில்தானே வைத்தியம் பார்ப்பார்கள்? சென்னையில் ரத்தநாள அறுவைப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு இதே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. பதில் சொல்லக் கிடைப்பது ஐந்து நிமிடம்தான், அதற்குள் கையெழுத்தும் வாங்க வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

லைனிங் கொடுத்துத் தைத்த ரவிக்கையில் தோள்பட்டைப் பக்கம் லைனிங் மட்டும் கொஞ்சம் பிரிந்திருந்தால் என்ன ஆகும்? கையை நுழைக்கும்போது அது லைனிங்குக்கும் வெளித்துணிக்கும் நடுவே புகுந்துகொள்ளும். தள்ளத் தள்ள லைனிங் இன்னும் பிரியும், கை போக வேண்டிய வழி சுருங்கி ஒட்டிக்கொள்ளும். பெருந்தமனியில் நடப்பதும் இதுதான். அதன் சுவரில் மூன்று அடுக்குகள். உள் அடுக்கில் ஓரிடத்தில் கீறல் விழுந்தால், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் தள்ளும் ரத்தம் அடுக்குகளுக்கு நடுவே புகுந்து உரித்துக்கொண்டே கீழே இறங்கும். ஒரே குழாய்க்குள் இப்போது இரண்டு பாதைகள். ரத்தம் வழக்கமாகப் போவதை மெய்ப்பாதை என்றும், புதிதாக உரிந்ததைப் பொய்ப்பாதை என்றும் வைத்துக்கொள்வோம். டாக்டர்கள் இந்தக் கிழிசலை டிசெக்‌ஷன் என்பார்கள். கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம்தான் பெரும்பாலும் காரணம். மார்ஃபான் மாதிரிப் பிறவிக் கோளாறு இருப்பவர்களுக்கு இளம் வயதிலேயே வரும்.

காலுக்கு ரத்தம் நிற்பது இரண்டு விதமாக நடக்கும். ஒன்று, பொய்ப்பாதையில் அழுத்தம் ஏறி, நடுவில் இருக்கும் உரிந்த சவ்வு மெய்ப்பாதையின் பக்கம் சாய்ந்து மேலேயே அதை நசுக்கிவிடுவது. காலுக்குப் போகும் தமனியில் எந்தக் குறையும் இருக்காது, மேலிருந்து வரத்து இல்லை, அவ்வளவுதான். இன்னொன்று, கிழிசல் இடுப்புத் தமனிக்குள்ளேயே இறங்கி, அங்கே முட்டுச்சந்து மாதிரி நின்று, ரத்தம் உறைந்து அடைத்துவிடுவது. முதல் வகையில் மேலே சரிசெய்தால் கால் தானாகத் திரும்பும். இரண்டாவது வகையில் மேலே எவ்வளவு சரிசெய்தாலும் கீழே இருக்கும் அடைப்பு அப்படியே நிற்கலாம். எந்த அறுவை என்ற முடிவில் பாதி இந்த வித்தியாசத்திலேயே அடங்கியிருக்கிறது. பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும் என்பதுதான் சிக்கல்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன்னால், செய்யவே கூடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திடீரென்று கால் ஜில்லிட்டு பல்ஸ் நின்றால், பெரும்பாலும் அது இதயத்திலிருந்து வந்து அடைத்த ரத்தக்கட்டிதான். அதற்கு வைத்தியம் எளிது. ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் மருந்தைப் போட்டு, தொடை இடுக்கில் சின்னதாகத் திறந்து, நுனியில் பலூன் வைத்த ஃபோகார்ட்டி கதீட்டர் என்ற மெல்லிய குழாயை உள்ளே விட்டுக் கட்டியை இழுத்து எடுத்துவிடலாம். தாமஸ் ஃபோகார்ட்டி 1963-இல் அறிமுகப்படுத்திய இந்தக் கருவி காப்பாற்றிய கால்களுக்குக் கணக்கே கிடையாது. ஆனால் அடைப்புக்குக் காரணம் டிசெக்‌ஷன் என்றால் இதே வைத்தியம் ஆபத்து. கதீட்டர் பொய்ப்பாதைக்குள் நுழைந்து இன்னும் கிழிக்கலாம். ஹெப்பாரினோ, மேலே கசிந்துகொண்டிருக்கும் தமனியின் கசிவைக் கூட்டும்.

நான் பயிற்சியில் இருந்த காலத்தில் ஒரு மருத்துவமனையில் இது நடந்தது, நானும் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தேன். கதீட்டர் ஒரு சாண் போனதும் நின்றுவிட்டது. கட்டி வரவில்லை, மேலிருந்து ரத்தமும் பாயவில்லை. மயக்க மருந்து டாக்டர்தான் இரண்டு கைகளிலும் பிபி பார்த்துவிட்டு, வலதுக்கும் இடதுக்கும் நாற்பது வித்தியாசம் இருக்கிறது என்றார். பெருந்தமனி கிழிந்திருக்கலாம் என்பதற்கான அடையாளம் அது. அந்த நோயாளி முதல்நாள் மதியமே முதுகுவலி என்று சொல்லியிருக்கிறார். யாரும் அதைக் காலோடு சேர்த்துப் பார்க்கவில்லை. அவரை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. இன்றைக்கும் ஜில்லிட்ட காலோடு யார் வந்தாலும் நான்கு கைகால்களிலும் பல்ஸ் பார்க்காமல் நான் தியேட்டருக்கு அனுப்புவதில்லை. நெஞ்சிலோ முதுகிலோ வலித்ததா என்று வீட்டாரிடம் தனியாகவும் கேட்பேன். சந்தேகம் இருந்தால் காலுக்கு மட்டும் ஸ்கேன் எடுத்தால் போதாது. கழுத்திலிருந்து தொடை வரை மருந்து செலுத்திய சிடி ஆஞ்சியோ எடுக்க வேண்டும். டிசெக்‌ஷன் வந்தவர்களில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்கு நெஞ்சு வலியோ முதுகு வலியோ இல்லாமலும் வரும் என்பதால், வலி இல்லை என்ற பதிலையும் முழுதாக நம்ப முடியாது.

சரி, ஸ்கேனில் டிசெக்‌ஷன் என்று தெரிந்துவிட்டது. முதல் கேள்வி, கிழிசல் இதயத்தை ஒட்டி மேலேறும் பகுதியில் இருக்கிறதா, இல்லையா. இருந்தால் டைப் ஏ, இல்லையென்றால் டைப் பி. 1970-இல் ஸ்டான்ஃபோர்டு குழு வகுத்த இந்தப் பிரிவினையைத்தான் இன்றும் பயன்படுத்துகிறோம்.

டைப் ஏ என்றால் உயிருக்கே ஆபத்து. இதயத்தைச் சுற்றியுள்ள பைக்குள் ரத்தம் கசியலாம், வால்வு பிரியலாம், மூளைக்குப் போகும் கிளை அடைபடலாம். அறுவை செய்யாமல் விட்டால் முதல் இரண்டு நாளில் மணிக்கு ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம் பேர் இறப்பார்கள் என்று பழைய பாடநூல்கள் சொல்லும். அண்மையில் வந்த சர்வதேசப் பதிவேட்டுக் கணக்கு மணிக்கு அரை சதவீதம் என்கிறது. அரை சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும், காலுக்கு மூன்று மணி நேரம் தனியாக அறுவை செய்துவிட்டு அப்புறம் நெஞ்சுக்குப் போகலாம் என்று நினைக்கிறோமே, அந்த மூன்று மணி நேரத்துக்கு என்ன விலை என்று யோசித்துப் பாருங்கள்.

அதனால்தான் டைப் ஏ-யில் முதலில் நெஞ்சு. நெஞ்செலும்பைப் பிளந்து, இதய-நுரையீரல் மெஷினில் போட்டு, உடம்பைக் குளிர்வித்து, சில நிமிடங்கள் ரத்த ஓட்டத்தை நிறுத்தி, கிழிந்த பகுதியை வெட்டிவிட்டுச் செயற்கைக் குழாயைத் தைப்பார்கள். பெரிய அறுவைதான், இதில் உயிரிழப்பும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆனால் இது கீறலின் வாயை மூடி ரத்தத்தை மெய்ப்பாதைக்குத் திருப்பிவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்குக் காலில் கையே வைக்காமல், மேஜையிலேயே தொடையில் பல்ஸ் திரும்பிவிடும். திரும்பாத சிலருக்கு அதே மேஜையில் காலுக்குத் தனியாக பைபாஸ்.

காலை முதலில் பார்க்கலாம் என்ற வாதத்துக்கும் அடிப்படை உண்டு. தசை ரத்தமில்லாமல் தாங்குவது சுமார் ஆறு மணி நேரம். நெஞ்சு அறுவைக்குத் தயார் செய்யவே இரண்டு மணி நேரம், அறுவை ஆறேழு மணி நேரம் என்றால், அதற்குள் கால் செத்துவிடாதா? இந்தக் கேள்விக்கு எனக்குப் பிடித்த பதில், இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பது. நெஞ்சு அறுவை தொடங்கும்போதே மெஷினிலிருந்து ஒரு கிளைக் குழாயை அந்தக் காலின் தமனியில் பொருத்திவிட்டால், மேலே வேலை நடக்கும்போதே கால் ரத்தம் குடித்துக்கொண்டிருக்கும். எல்லாக் குழுக்களுக்கும் இது பழக்கமில்லை, எல்லா நோயாளிக்கும் பொருந்தவும் செய்யாது. ஆனால் ரத்தநாள டாக்டரும் இதய அறுவை டாக்டரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடத்தை நான் வலியுறுத்துவதற்குப் பெரிய காரணம் இதுதான். குடலுக்கு ரத்தம் நின்றுபோயிருந்தால் கணக்கு மாறும். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகக் குழு அப்படிப்பட்டவர்களுக்கு முதலில் குடலுக்கு வழி திறந்துவிட்டு, உடல் தேறிய பிறகு நெஞ்சைத் திறக்கிறது. கால் மட்டும் என்றால் அந்த வரிசைக்கு நியாயம் குறைவு என்பது என் கருத்து.

டைப் பி-யில்தான் உண்மையான தேர்வு இருக்கிறது. உடனே நெஞ்சைத் திறக்க வேண்டிய அவசரம் பொதுவாக இதில் இல்லை. காலோ குடலோ சிறுநீரகமோ அடைபடாமல் இருந்தால் லபெட்டலால், எஸ்மலால் மாதிரி மருந்துகளை நரம்பில் ஏற்றி, மேல் பிபியை 120-க்குள்ளும் நாடித் துடிப்பை 60-ஐ ஒட்டியும் வைத்துப் பார்த்துக்கொள்வோம். கால் அடைபட்டுவிட்டால் மருந்து மட்டும் போதாது. அப்போது முன்னால் மூன்று வழிகள்.

முதலாவது ஸ்டென்ட் கிராஃப்ட். தொடையில் இருக்கும் தமனி வழியாகத் துணி போர்த்திய கம்பிச் சுருளை நெஞ்சுவரை ஏற்றி, கீறலின் வாயை உள்ளிருந்தே மூடுவது. 1999-இல் ஸ்டான்ஃபோர்டில் மைக்கேல் டேக் குழு 19 நோயாளிகளுக்கு இப்படிச் செய்த விவரத்தை வெளியிட்டது. அடைபட்டிருந்த கிளைகளில் 76 சதவீதத்தில் ரத்த ஓட்டம் திரும்பியது. அதே இதழில் ஜெர்மனியின் நீனாபர் குழுவின் கட்டுரையும் வந்தது. அதற்குப் பிறகு உலகம் முழுக்க, டைப் பி-யில் உறுப்பு அடைபட்டால் முதலில் நினைப்பது இதைத்தான். சவ்வு சாய்ந்து நசுக்கும் வகைக்கு இது அற்புதமாக வேலை செய்கிறது. நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை, நோயாளி சீக்கிரம் எழுந்து நடப்பார்.

குறைகளும் உண்டு, அவை சின்னவை அல்ல. பெருந்தமனியிலிருந்து தண்டுவடத்துக்குப் போகும் சின்னக் கிளைகளை ஸ்டென்ட் மூடிவிட்டால் நூற்றில் சிலருக்கு இரண்டு காலும் செயலிழக்கலாம். பக்கவாதம் வரலாம். கிழிசல் பின்னோக்கி ஏறி டைப் ஏ-யாக மாறுவது அரிது, ஆனால் நடந்திருக்கிறது. இடது கைக்குப் போகும் கிளையை மூட வேண்டிவந்தால் கழுத்தில் தனியாக ஒரு பைபாஸ் தேவைப்படும். ஸ்டென்டின் விலை மட்டுமே சில லட்சங்கள். நோயாளிக்குச் சரியான அளவு அந்த இரவில் கையிருப்பில் இருக்க வேண்டும் என்பது இன்னொரு கவலை.

இரண்டாவது, ஜன்னல் போடுவது. டாக்டர்கள் ஃபெனஸ்ட்ரேஷன் என்பார்கள். நசுக்கிக்கொண்டிருக்கும் சவ்வில் ஓட்டை போட்டால் இரண்டு பாதைகளின் அழுத்தமும் சமமாகிவிடும், சவ்வு சாயாது. டிசெக்‌ஷனுக்கென்று மனிதர்கள் செய்த முதல் அறுவையே இதுதான், அதுவும் காலைக் காப்பாற்றத்தான். 1935-இல் நியூயார்க்கில் டேவிட் குரின் ஒரு நோயாளியின் வலது இடுப்புத் தமனியைத் திறந்து சவ்வை வெட்டினார். காலுக்கு ரத்தம் திரும்பியது. நோயாளி சில நாளில் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார். இன்றைக்கு இதை வயிற்றைத் திறந்தும் செய்யலாம், ஊசியும் பலூனும் வைத்துத் தொடை வழியாகவும் செய்யலாம். ஸ்டென்ட் வைக்க முடியாத உடலமைப்பு, கையில் ஸ்டென்ட் இல்லாத இரவு, ஸ்டென்ட் வைத்தும் திறக்காத கீழ்ப்பாதை ஆகியவற்றுக்கு இது உதவும். ஆனால் கீறலின் வாய் திறந்தே இருக்கும், பொய்ப்பாதையும் உயிரோடு இருக்கும். வருடங்கள் போகப்போக அது வீங்கிப் பருக்கலாம். பலூன் வழியில் நல்ல கைப்பழக்கம் உள்ளவர்களும் குறைவு.

மூன்றாவதுதான் அந்தப் பெண் கேட்ட 'காலை மட்டும்' அறுவை, கிராஸ் ஓவர் பைபாஸ். நல்ல காலின் தொடைத் தமனியிலிருந்து சுமார் 8 மில்லிமீட்டர் செயற்கைக் குழாய் ஒன்றை அடிவயிற்றுத் தோலுக்கடியில் வளைத்துக் கொண்டுபோய், அடைபட்ட காலின் தமனியில் தைத்துவிடுவது. எனக்கு இந்த அறுவையின் மேல் தனி மரியாதை உண்டு. நெஞ்சும் வயிறும் திறக்க வேண்டாம், இரண்டு தொடை இடுக்கிலும் ஒரு வெட்டு போதும். பழகிய கை என்றால் இரண்டு மணி நேரத்தில் கால் சூடாகிவிடும். பெரிய கருவி எதுவும் வேண்டாம் என்பதால் நடுராத்திரியில்கூடச் செய்ய முடிகிறது. கிழிசல் இடுப்புத் தமனிக்குள் இறங்கி அடைத்த வகைக்கு மற்ற இரண்டையும்விட இதுதான் உறுதியானது.

ஆனால் கொடுக்கும் காலுக்கு நல்ல வரத்து இருக்க வேண்டும். மேலே மெய்ப்பாதையே நசுங்கிக் கிடந்தால் இரண்டு காலும் பஞ்சத்தில்தான் இருக்கும். ஒன்றிலிருந்து எடுத்து மற்றதற்குக் கொடுத்தால் இரண்டும் கெடும். அப்போது தோளிலிருந்து தொடைக்குக் குழாய் இறக்கும் பைபாஸ் இருக்கிறது, அது நெடுநாள் திறந்திருப்பது குறைவு. இன்னொன்று, கிராஸ் ஓவர் பைபாஸ் காலைத் தவிர வேறெதையும் சரிசெய்யாது. குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் ரத்தம் நன்றாகப் போகிறது என்று ஸ்கேனில் உறுதியாகத் தெரிந்த பிறகே இதோடு நிறுத்தலாம். வயிறு வலிக்கிறது, சிறுநீர் குறைந்துவிட்டது, உறுப்புகளுக்கு ரத்தம் போதாதபோது கூடும் லாக்டேட் ரத்தத்தில் ஏறுகிறது என்றால் காலைப் பார்த்துத் திருப்தி அடைந்துவிடக் கூடாது.

என்னிடம் கேட்டால், டைப் பி-யில் காலோடு வேறு உறுப்பும் அடைபட்டிருந்தால் ஸ்டென்ட். கால் ஒன்று மட்டும், அதுவும் கீழே அடைத்திருந்தால் கிராஸ் ஓவர். ஸ்டென்ட் வைத்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் காலில் பல்ஸ் வரவில்லை என்றால், இடுப்புத் தமனியில் சின்ன ஸ்டென்டோ கிராஸ் ஓவரோ அதே மேஜையில். நாளைக் காலை வரை பார்க்கலாம் என்று காத்திருந்து இழந்த கால்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்த வழியானாலும் கூடவே கேட்க வேண்டியது ஃபேஷியாட்டமி, அதாவது தசையின் உறையைத் திறந்துவிடுவது. நெடுநேரம் பட்டினி கிடந்த தசைக்கு ரத்தம் திரும்பியதும் அது வீங்கும். கெண்டைக்காலில் தசைகள் நான்கு இறுக்கமான உறைகளுக்குள் இருப்பதால், வீக்கம் உள்ளிருந்தே நரம்பையும் தசையையும் நெரிக்கும். இரண்டு பக்கமும் நீளமாக வெட்டி உறைகளைத் திறந்துவிட்டால் தப்பிக்கும். மறுநாள் அந்தக் காலைப் பார்க்கும் வீட்டார் பயந்துபோவார்கள், சிலர் எங்களைத் திட்டியும் இருக்கிறார்கள். அந்தப் புண்ணை நாலைந்து நாளில் தைக்கலாம், இல்லையென்றால் தோல் ஒட்டலாம். அதைத் திறக்காமல் விட்டால் பாதம் தூக்க முடியாமல் போகும், செத்த தசையிலிருந்து வரும் பொட்டாசியம் இதயத்தையும் மையோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தையும் தாக்கும். தொட்டால் தெரியாமல், அசையாமல், தசை கட்டையாக விறைத்துப்போன காலுக்கு ரத்தத்தைத் திருப்பி அனுப்புவதே உயிருக்கு ஆபத்து. அந்த நிலையில் காலை எடுப்பதுதான் சரியான அறுவை.

வயதைக் காரணம் காட்டி வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. டிசெக்‌ஷன் அறுவையை வளர்த்தெடுத்த மைக்கேல் டிபேக்கிக்கே 2005 டிசம்பர் 31 அன்று, 97 வயதில் இதே நோய் வந்தது. அவரும் முதலில் அறுவை வேண்டாம் என்றார். நிலைமை மோசமாகி 2006 பிப்ரவரியில் செய்தார்கள். பல மாதம் படுத்து எழுந்து, 2008 ஜூலை வரை வாழ்ந்தார். எல்லாரும் அவராக முடியாது. ஆனால் முடிவெடுக்கும்போது வயதை மட்டும் பார்க்காமல், வலி வருவதற்கு முந்தைய நாள் அவர் எப்படி நடமாடிக்கொண்டிருந்தார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நம் ஊரில் எங்கே போவது என்பதும் இந்த முடிவின் ஒரு பகுதிதான். பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒரு மருத்துவமனைக்குள் நுழைந்து, அங்கே சிடி எடுத்து, அங்கிருந்து இன்னொன்றுக்கு மாறி, அங்கே இதய அறுவை டாக்டர் இல்லை என்று மூன்றாவதற்கு மாறினால் அந்த ஆறு மணி நேரம் ரோட்டிலேயே கரைந்துவிடும். போனில் மூன்று கேள்வி போதும்: இந்த நேரத்தில் சிடி ஆஞ்சியோ எடுப்பீர்களா, இதய அறுவைக் குழு வருமா, ரத்தநாள டாக்டர் இருக்கிறாரா. சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் இதயத்துக்கும் ரத்தநாளத்துக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். அட்டையையும் ஆதாரையும் ஆம்புலன்ஸிலேயே எடுத்து வந்துவிடுங்கள். ஸ்டென்ட் கிராஃப்ட் எந்த அளவுக்குத் திட்டத்தில் அடங்கும் என்று காப்பீட்டு கவுன்டரில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கட்டும், இன்னொருவர் ரத்தம் கொடுக்க ஆள் திரட்டட்டும். ஸ்கேன் படங்கள் முழுதும் பதிந்திருக்கும் டிஸ்க்கை மறக்காமல் வாங்குங்கள். ரிப்போர்ட் தாளை மட்டும் வைத்துக்கொண்டு எங்களால் அறுவையைத் திட்டமிட முடியாது.

கொருக்குப்பேட்டைக்காரருக்கு நெஞ்சைத்தான் முதலில் திறந்தார்கள். மேலே தைத்து முடித்து மெஷினை நிறுத்திய பிறகும் இடது தொடையில் பல்ஸ் வரவில்லை. கிழிசல் இடுப்புத் தமனிக்குள் இறங்கி அடைத்திருந்தது. வலது காலில் துடிப்பு நன்றாக இருந்ததால் அதே மேஜையில் கிராஸ் ஓவர் பைபாஸ் செய்தோம், கெண்டைக்காலையும் திறந்துவிட்டோம். மகள் கேட்ட அறுவை கடைசியில் நடந்தது, ஆனால் இரண்டாவதாக. ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார், நடுவில் நான்கு தடவை டயாலிசிஸ். இடது பாதத்தைத் தூக்குவது இன்னும் சிரமம்தான், பட்டை கட்டித்தான் நடக்கிறார். மீன்பாடி வண்டியை மச்சானிடம் கொடுத்துவிட்டார். பிபி மாத்திரையை ஒருநாளும் விடக் கூடாது, வருடாவருடம் சிடி எடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறோம். அடிவயிற்றில் தோலுக்கடியில் குழாய் துடிப்பதை விரல் வைத்துப் பார்க்க மகளுக்குக் கற்றுக்கொடுத்தோம். துடிப்பு நின்றாலோ கால் ஜில்லிட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்பி வர வேண்டும். தினமும் காலையில் காபி கொடுக்கும்போது தொட்டுப் பார்த்துவிடுவதாகப் போன தடவை ஓபி-யில் சொன்னார்.